ராணியின் குயவர் போட்ட கணக்கு

உங்கள் கடையில் கூட்டம் அலைமோதுகிறது. ஆர்டர்கள் குவிகின்றன. ஊரெல்லாம் உங்கள் பெயர்தான். ஆனால் மாதக் கடைசியில் கல்லாவைத் திறந்தால்... ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கக்கூடப் பணம் இல்லை! அது எங்கேதான் போயிற்று?

சின்னதாகத் தொழில் நடத்துகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். தையல் கடைக்காரர், கேட்டரிங் நடத்தும் அம்மா, பிரஸ் வைத்திருப்பவர்... ‘அதான் சார் எனக்கும் புரியலை’ என்று பெருமூச்சு விடுவார்கள்.

கவலையே வேண்டாம்! 1772-ல் இங்கிலாந்தில் ஒருவர் இதே கேள்வியோடு தலையைப் பிய்த்துக்கொண்டார். இத்தனைக்கும், நாட்டின் மிகப் பிரபலமான குயவர் அவர். மகாராணியே அவருடைய கஸ்டமர்! பெயர் ஜோசையா வெட்ஜ்வுட். விளம்பரம் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அப்படிப்பட்டவரையே ஒரு நோட்டுப் புத்தகம்தான் காப்பாற்றியது. அந்தக் கதையைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

1730-ல், ஸ்டாஃபோர்டுஷயர் மாவட்டத்தில் பர்ஸ்லெம் என்ற ஊரில், குயவர் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார் வெட்ஜ்வுட். ஊர் முழுக்கச் சூளைகள், புகை, சேறு. சின்ன வயதிலேயே அப்பா போய்விட்டார். அண்ணனிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த பையனைப் பெரியம்மை தாக்கியது. உயிர் பிழைத்தாலும் வலது முழங்கால் பாழாகிவிட்டது. குயவரின் சக்கரத்தையோ காலால் உதைத்துத்தான் சுற்ற வேண்டும். கால் இல்லாத குயவரை யார் மதிப்பார்கள்?

சக்கரத்தில் உட்கார முடியாதவர் வேறு வேலையில் இறங்கினார். எந்த மண், எவ்வளவு சூடு, எந்த மெருகு என்று சோதனைமேல் சோதனை. முடிவுகளை ஒன்றுவிடாமல் எழுதி வைத்துக்கொண்டார். 1759-ல் பர்ஸ்லெமிலேயே சொந்தப் பட்டறை தொடங்கினார். பாலாடை நிறத்தில், மெல்லிசாக, வழவழவென்று ஒரு பாண்டம் அவருக்குக் கைவந்தது. அந்த வகைப் பாண்டத்தை அக்கம்பக்கத்துக் குயவர்களும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். இவருடையது கொஞ்சம் உசத்தி, அவ்வளவுதான்!

1765-ல் அரண்மனையிலிருந்து ஓர் ஆர்டர் வந்தது. ராணி ஷார்லட்டுக்கு ஒரு டீ செட் வேண்டும். நுணுக்கமான வேலை என்பதால் மற்றவர்கள் பின்வாங்கினார்கள். வெட்ஜ்வுட் ‘நான் செய்கிறேன்’ என்றார். செய்தும் கொடுத்தார். இன்னொரு குயவராக இருந்தால் பணத்தை வாங்கி முடிந்துகொண்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். இவர் ராணியிடம் ஒரு அனுமதி கேட்டார்: ‘என் பாண்டத்துக்கு உங்கள் பெயரை வைத்துக்கொள்ளலாமா?’

கிடைத்தது! அன்றிலிருந்து அந்தச் சரக்கின் பெயர் ‘குவீன்ஸ் வேர்’. ராணியின் பாண்டம்! ராணி வீட்டு மேஜையில் இருப்பது தன் வீட்டு மேஜையிலும் இருக்க வேண்டும் என்று எந்த சீமாட்டிக்குத்தான் தோன்றாது? விற்பனை பிய்த்துக்கொண்டு போயிற்று. 1767-ல் தன் நண்பர் தாமஸ் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் வெட்ஜ்வுட்டே யோசிக்கிறார்: இந்த வெற்றியில் பாண்டத்தின் அழகுக்கும் உபயோகத்துக்கும் எவ்வளவு பங்கு, அதை அறிமுகப்படுத்திய விதத்துக்கு எவ்வளவு பங்கு என்று!

கவனியுங்கள், ‘நம்ம சரக்கு நல்ல சரக்கு, தானா விக்கும்’ என்று அவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள அவர் கூச்சப்படவும் இல்லை. லண்டனில் ஷோரூம் திறந்தார். அங்கே பாண்டங்களை அடுக்கி வைக்கவில்லை. விருந்துக்குத் தயாராக இருப்பதுபோல மேஜைமேல் முழு செட்டையும் பரப்பி வைத்தார். வந்த பெண்மணிகளே அடுத்த வாரமும் வர வேண்டும் என்பதற்காக அலங்காரத்தை அடிக்கடி மாற்றச் சொன்னார். வழியில் உடைந்தால் வேறு தருவோம், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பலாம் என்று வாக்குக் கொடுத்தார். பாண்டத்தின் அடியில், ஈரமண்ணிலேயே தன் பெயரை அழுத்திப் பதித்தார். சூளையில் வெந்த பிறகு அதை யாராலும் சுரண்டி எடுக்க முடியாது!

விலையையாவது குறைத்தாரா என்றால், அதுவும் இல்லை. போட்டியாளர்களைவிடக் கூடுதலாகத்தான் விற்றார். ‘பக்கத்துக் கடையில கம்மியா தர்றாங்களே’ என்றதும் நமக்கு நாக்கு தடுமாறும். அவருக்குத் தடுமாறவில்லை.

இதற்கு நடுவே 1768-ல் அந்தப் பழைய முழங்கால் முழுசாகக் கைவிட்டது. காலை எடுத்துவிட முடிவு செய்தார்கள். மயக்க மருந்து கிடையாது! நாற்காலியில் உட்கார்ந்தபடி, தன் கால் அறுக்கப்படுவதைத் தாங்கிக்கொண்டார். கொஞ்ச நாளிலேயே மரக்காலோடு வேலைக்குத் திரும்பியும் விட்டார். (சுமாரான பாண்டங்களைக் கண்டால் அந்த மரக்காலாலேயே உடைப்பார் என்று ஒரு கதை உண்டு!) மறு வருடம், 1769-ல், பென்ட்லியைக் கூட்டாளியாக்கிக்கொண்டு ‘எட்ரூரியா’ என்ற புதிய தொழிற்சாலையைத் திறந்தார். கிரேக்க பாணி அலங்கார ஜாடிகளுக்கு ஒரே கிராக்கி. 1771-ல் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஜெர்மனியின் பிரபுக்களுக்கு, அவர்கள் கேட்காமலே பார்சல் பார்சலாகப் பாண்டங்கள் அனுப்பும் திட்டம். பிடித்தால் பணம் அனுப்பலாம், இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம்! பயங்கரத் துணிச்சல்தான், இல்லையா?

ஆனால் துணிச்சலுக்குப் பணம் வேண்டுமே! சரக்கு வெளியே போய்விட்டது. காசு வரத் தாமதம். கோடவுனில் விற்காத ஜாடிகள். இந்த நேரம் பார்த்து, 1772 ஜூனில், லண்டனில் அலெக்ஸாண்டர் ஃபோர்டைஸ் என்ற வங்கிக்காரர் பங்கு வியாபாரத்தில் சூதாடித் தோற்று, இரவோடு இரவாக நாட்டைவிட்டே கம்பி நீட்டினார். அவருடைய வங்கி இழுத்து மூடப்பட்டது. அதைத் தொடர்ந்து வரிசையாக மற்ற வங்கிகளும் சாய்ந்தன. கடன் கொடுக்க ஆளில்லை. வாங்க வருபவர்களும் குறைந்துபோனார்கள். வெட்ஜ்வுட்டின் புகழ் உச்சத்தில் இருந்தது. கையிலோ காசில்லை!

அப்போதுதான் அவர் நோட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். மண்ணில் சோதனை செய்த அதே பொறுமையோடு கணக்கில் சோதனை தொடங்கினார். ஒரு ஜாடி செய்ய உண்மையில் என்ன செலவு? மண், கூலி மட்டுமா? நிலக்கரி, வாடகை, அச்சு செய்பவர் சம்பளம், குமாஸ்தா சம்பளம், உடைந்துபோனவை, லண்டன் கடைச் செலவு என்று எல்லாவற்றையும் பிரித்துப் பிரித்து எழுதினார். முதல் அதிர்ச்சி: கணக்கு பார்த்துக்கொண்டிருந்த தலைமை குமாஸ்தாவே பணத்தைச் சுருட்டியிருந்தார்! உடனே ஆளை மாற்றி, வாராவாரம் கணக்கு வந்தாக வேண்டும் என்று உத்தரவு போட்டார்.

இரண்டாவது அதிர்ச்சி இன்னும் பெரியது. ஒரு பகுதிச் செலவு, சரக்கு நிறையச் செய்தாலும் கொஞ்சமாகச் செய்தாலும் கடிகாரம் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். நம் பாஷையில் சொல்கிறேன். கேக் செய்து விற்கிறீர்கள். வாடகை, சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து மாதம் 30,000 ரூபாய். மாதம் 300 கேக் செய்தால் ஒவ்வொரு கேக்கின் தலையிலும் 100 ரூபாய் ஏறி உட்காரும். 1,000 கேக் செய்தால் 30 ரூபாய்தான்! மாவும் முட்டையும் மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு ‘ஒரு கேக்குக்கு 60 ரூபாய் லாபம்’ என்று நீங்கள் மகிழ்ந்துகொண்டிருந்தால், 300 கேக் செய்கிற மாதத்தில் ஒவ்வொன்றிலும் 40 ரூபாய் நஷ்டம்!

வெட்ஜ்வுட் செய்துகொண்டிருந்தது அதைத்தான். விதவிதமான டிசைன்கள், ஒவ்வொன்றிலும் கொஞ்சமே கொஞ்சம். பார்க்க அழகு, பைக்குக் கேடு! ஒரே அச்சில் நிறையச் செய்தால்தான் கட்டுப்படியாகும் என்று தெரிந்தது. நிறையச் செய்தால் யார் வாங்குவது? அதற்கும் யோசனை வைத்திருந்தார். பிரபுக்கள் வீட்டில் ஜாடிகள் போதுமான அளவு அலங்கரித்தாயிற்று. அதை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்கும் நடுத்தர வர்க்கத்துக்கு, இப்போது கொஞ்சம் விலை குறைத்து விற்கலாமே! இதுவரை விலையை இறக்காத மனிதர், எந்தச் சரக்குக்கு, எவ்வளவு இறக்கினால் தாங்கும் என்று கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகே இறக்கினார். பயத்தில் விலையைக் குறைப்பதற்கும் கணக்குப் பார்த்துக் குறைப்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

அடுத்த இரண்டு வருடத்தில் நடந்ததையும் கேளுங்கள். ரஷ்யப் பேரரசி கேத்தரின் ஒரு மாபெரும் டின்னர் செட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். மொத்தம் 952 உருப்படிகள். ஆயிரத்துக்கும் அதிகமான பிரிட்டிஷ் காட்சிகளைக் கையால் தீட்ட வேண்டும். கூடவே ஒவ்வொன்றிலும் ஒரு பச்சைத் தவளை! (‘தவளைச் சதுப்பு’ என்று பெயர் பெற்ற இடத்தில் இருந்தது அந்த அரண்மனை.) இதில் லாபம் பெரிதாக நிற்காது என்பது வெட்ஜ்வுட்டுக்குத் தெரியும். தெரிந்தேதான் எடுத்துக்கொண்டார். 1774-ல், ரஷ்யாவுக்கு அனுப்பும் முன் லண்டனில் கண்காட்சி வைத்தார். டிக்கெட் உண்டு! ராணி முதற்கொண்டு சீமான்களும் சீமாட்டிகளும் வந்து பார்த்தார்கள். எத்தனையோ பேர் தங்கள் சொந்த மாளிகையின் படம் எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடியிருப்பார்கள்! அப்படிப்பட்ட விளம்பரத்தை எந்தக் காசு கொடுத்து வாங்க முடியும்? முன்பு எங்கே பணம் போகிறது என்று தெரியாமல் செலவழித்தவர், இப்போது எதற்கு, எவ்வளவு என்று தெரிந்து செலவழித்தார்.

1795-ல் வெட்ஜ்வுட் இறந்தபோது அவர் இங்கிலாந்தின் பெரும் செல்வந்தர்களில் ஒருவர். அவருடைய மகள் வழிப் பேரன் யார் தெரியுமா? சார்லஸ் டார்வின்! மனைவி எம்மாவும் வெட்ஜ்வுட்டின் பேத்திதான். வாழ்நாள் முழுக்கச் சம்பளத்துக்குப் போகாமல் டார்வினால் ஆராய்ச்சி செய்ய முடிந்ததில், குடும்பச் சொத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

வெட்ஜ்வுட்டிடம் இரண்டு தைரியங்கள் இருந்தன. ஊருக்கு முன்னால் நின்று ‘என் சரக்கு உசத்தி, விலை இதுதான்’ என்று சொல்லும் தைரியம் ஒன்று. தன் கணக்கை, தனியாக உட்கார்ந்து, ஒளிக்காமல் பார்க்கும் தைரியம் இன்னொன்று. நம்மில் பலருக்கு முதலாவது இல்லை. ‘நம்மளப் பத்தி நாமே எப்படிங்க சொல்லிக்கறது?’ என்று நெளிகிறோம். முதலாவது இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவது இருப்பதில்லை. சொல்லப்போனால், விலை சொல்லும்போது நாக்கு தடுமாறுவதற்கே, அந்த விலை சரியா என்று நமக்கே தெரியாததுதான் காரணம்!

ஆகவே, இன்று ராத்திரி கடையைச் சாத்தியதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்களிடம் அதிகமாக விற்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். வாடகை, கரெண்ட், ஆள், வட்டி, வீணானது, முக்கியமாக உங்கள் சொந்த உழைப்புக்கான கூலி (அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்!) எல்லாவற்றையும் அதன் தலையில் பங்கு போட்டு எழுதிப் பாருங்கள். வருகிற தொகையைப் பார்த்துத் தூக்கம் போனாலும் பரவாயில்லை. நாளைக் காலையில் முதல் கஸ்டமர் ‘இன்னும் கொஞ்சம் குறைச்சுக்கக் கூடாதா?’ என்று கேட்கும்போது, என்ன பதில் சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்!