இறப்பைத் தீட்டிய தூரிகை

நம் காந்தலூர், மறையூர் மலைகளிலே 'முனியறை' என வழங்கும் கற்பலகை அறைகள், பெருங்கற்கால மக்கள் இறந்தோர்க்கென எழுப்பியவை. ஆங்கே கல் உண்டு. மாண்டவர் முகம் இல்லை. இறப்புக்கு முகமும் தசையும் தந்த ஓவியத்தை இம்மலையாள நாட்டிலேயே காண விழைவோர், கிளிமானூர் இரவிவர்மாவை நாடுதல் வேண்டும்.

1848-இல் பிறந்த அவர், எண்ணெய் வண்ணக் கலையைத் திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் இராமசாமி நாயுடுவிடம் பயில விரும்பினார், நாயுடு இசைந்திலர். அவர்தம் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளையே மறைவாகச் சில நுட்பங்களைப் பகர்ந்தார் என்பர். (அப்பிள்ளையை இன்று நினைப்பார் யார்?)

1906-இல் எழுந்த 'சடாயு வதம்' காண்மின்! இராவணன் வாளை ஓங்கியிருக்கிறான். வெட்டுண்ட சிறகு வீழ்கிறது. அவன் பிடியிலுள்ள சீதை முகத்தை மறைத்துக்கொள்கிறாள். பழைய சுவரோவியங்களில் சாவு பெரும்பாலும் கதையின் ஒரு குறிப்பே. ஈண்டோ பறவையின் உடலுக்கு எடை உண்டு, வலி உண்டு. காணவொண்ணாக் கொடுமையைச் சீதையின் கையால் உணர்த்தியது, குருதியைக் காட்டியதினும் சிறந்ததென்பது என் துணிபு.

அவ்வோவியத்துக்கு முன்னரே சாவு அவர் இல்லம் புகுந்திருந்தது. உடனிருந்து தூரிகை பிடித்த இளவல் இராசராச வர்மா 1905 சனவரியில் மறைந்தார். மைசூர் அரண்மனைக்கென ஏற்ற ஓவியப் பணியைத் தமையனே தனித்துச் சுமந்தார். 1906 அக்டோபர் 2-ஆம் நாள், 58-ஆம் அகவையில், கிளிமானூரில் அவரும் காலமானார்.