வியப்பு தீர்ந்த பிறகு: திரைப்பாட்டின் மாற்றுக்கருவி வாசிப்பும் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் கேட்பாளரும்

1. சிக்கல்

பழகிய திரைப்பாட்டைப் பழகாத கருவியில் வாசிப்பதை இன்று ‘கவர் வெர்ஷன்’ என்கிறோம். வீணையில் இளையராஜா, சாக்ஸபோனில் ரஹ்மான் என்று அறிவித்தாலே கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. இவ்வகை வாசிப்பைப் பற்றிய எழுத்தும் பெரும்பாலும் அந்த வியப்போடு நின்றுவிடுகிறது. எந்தப் பாட்டு எந்தக் கருவியில் என்பதே செய்தியாகி, வாசித்த விதம் பின்னுக்குப் போகிறது. கருவிக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை வைத்து மாற்று வாசிப்பை மதிப்பிட முடியாது என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தக் கருவியால் செய்ய முடியாததை வாசிப்பவர் எப்படித் தீர்த்தார், கேட்பவர் நினைவிலிருந்து இட்டு நிரப்ப எதை விட்டுவைத்தார் என்ற இரண்டும்தான் அளவுகோல்.

இதைச் சோதிக்க ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் வட்டாரத்தைக் களமாகக் கொள்கிறேன். இராமானுசர் பிறந்த ஊர் என்பதால் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் சித்திரைத் திருவாதிரையையொட்டிப் பத்து நாள் உற்சவம் நடக்கும் வைணவத் தலம் ஸ்ரீபெரும்புதூர். அதைச் சுற்றித்தான் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்து 2014இல் மூடியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தது. கோயில் மேளத்தை அறிந்த செவிகளும், பல மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் செவிகளும் ஒரே கல்யாண மண்டபத்தில் சேரும் இடம் இது. மாற்று வாசிப்பு யாருடைய நினைவை நம்பி நிற்கிறது என்ற கேள்வியை இங்கே தெளிவாகக் கேட்கலாம்.

2. எதிர்பாராமை எவ்வளவு நாள் தாங்கும்?

தமிழிசை வரலாற்றில் ‘எதிர்பாராத கருவி’ என்ற பட்டம் எந்தக் கருவியிடமும் நிலைத்ததில்லை. பாலுஸ்வாமி தீட்சிதர் வயலினைக் கற்றபோது அது கோட்டையிலிருந்த ஆங்கிலேயரின் வாத்தியம். இன்று அது இல்லாமல் கச்சேரி மேடையே இல்லை. ஆர்மோனியத்துக்கு அகில இந்திய வானொலி 1940இல் விதித்த தடை முப்பது ஆண்டுகளுக்குமேல் நீடித்தது. அதே காலத்தில் நாடக மேடையும் பஜனை மடமும் அதைச் சொந்த வாத்தியமாகவே வைத்திருந்தன. ஏ.கே.சி. நடராஜனின் கிளாரினெட்டும், கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனும், உ. ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் ஒரு தலைமுறைக்குள் அயல் என்ற அடையாளத்தை இழந்தன. கோபால்நாத்தின் சாக்ஸபோன் ‘டூயட்’ (1994) படத்தின் வழியாகத் திரையிசைக்குள் போனபோது, ராகம் வாசிக்கும் சாக்ஸபோன் ரசிகர்களுக்குப் புதிராக இல்லை.

மெட்டுக்கும் இது பொருந்தும். முத்துஸ்வாமி தீட்சிதர் (1775–1835) கம்பெனிப் படையின் பேண்டு வாசித்த மேனாட்டு மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் இயற்றினார். இங்கிலாந்தின் அரச வாழ்த்து மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ அவற்றில் ஒன்று. இந்த நோட்டுஸ்வரங்களை இன்று குழந்தைகள் ஆரம்பப் பாடமாகப் பாடுகிறார்கள்; அவற்றின் மூலம் பலருக்கு நினைவில் இல்லை. முத்தையா பாகவதரின் ‘இங்கிலீஷ் நோட்’ மதுரை மணி ஐயரின் கச்சேரிகளில் ரசிகர்கள் காத்திருந்து கேட்ட உருப்படியானது. வியப்பு வடிந்த பிறகும் இவை நிற்கின்றன என்றால், நிற்க வைத்தது வியப்பாக இருக்க முடியாது.

தமிழ்ச் சூழலில் மெட்டு இரண்டு வழிகளில் கைமாறியிருக்கிறது. மெட்டை வைத்துக்கொண்டு சொல்லை மாற்றுவது ஒன்று. நாடகக்காரர்களின் வர்ணமெட்டும், இந்தி மெட்டுக்குத் தமிழ் வரி எழுதிய தொடக்ககாலப் பேசும்படங்களும், ஆலை வாசல் போராட்டங்களில் சினிமா மெட்டில் பாடப்படும் கோரிக்கைப் பாட்டும் இந்த வகை. சொல்லை விட்டுவிட்டு மெட்டை மட்டும் வேறு கருவிக்குக் கொண்டுபோவது மற்றொன்று. முதல் வழியில் புதிய சொல் கேட்பவரை வழிநடத்தும். இரண்டாவதில் அந்தத் துணை இல்லை. கேட்பவரே சொல்லைக் கொண்டுவர வேண்டும்.

3. நாகஸ்வரத்தில் இரண்டு பாடல்கள்

நாகஸ்வரத்துக்கு விரல் துளை ஏழு. சீவாளியில் ஊதும் காற்றின் அழுத்தமும், துளையைப் பாதி மூடித் திறக்கும் விரலும் சேர்ந்துதான் சுரத்தின் இடத்தைத் தீர்மானிக்கின்றன. ஒரே நேரத்தில் ஒரு சுரம்தான் வரும்; பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் கார்டு கிடையாது. மூச்சு இருக்கும்வரை நாதம் நீளும். தட்டிவிட்டதும் தானே தேயும் கம்பியின் குணம் அதற்கு இல்லை. மெல்ல வாசிப்பது கடினம். குழைந்து வாசிப்பது இயல்பு. இந்தக் கருவி இரண்டு திரைப்பாடல்களை எப்படி எதிர்கொள்ளும் என்று பார்க்கலாம்.

‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’ கிதார் முன்னிசையோடு தொடங்குகிறது. கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டும் அந்த ஒலிதான் பாட்டின் முகவரி. குரல் வருவதற்கு முன்பே கேட்பவர் பாட்டைக் கண்டுகொள்கிறார். நாகஸ்வரக்காரருக்கு முன்னால் மூன்று வழிகள் உண்டு. நாவால் தட்டும் துத்துக்காரத்தில் கிதாரின் சுரங்களைத் துண்டு துண்டாக வாசிக்கலாம். அது நகல், அதிலும் மூச்சு முட்டும் நகல். முன்னிசையை விட்டுவிட்டுப் பல்லவியில் தொடங்கலாம். நேர்மையான வழி, ஆனால் முகவரி போய்விடும். அந்தச் சுரங்களைக் குழைத்து ஒரே இழையாக்கி, சிறிய ஆலாபனைபோல ஊதி, தாளப் பங்கைத் தவிலுக்குக் கொடுக்கலாம். மூன்றாவது வழியில் கிதார் கேட்காது. ஆனால் அந்தச் சுரங்கள் ஏறி இறங்கும் வடிவம் கேட்கும். அதைப் பற்றிக்கொண்டு கேட்பவர் மனத்தில் கிதாரை ஒலிக்கவைத்துக்கொள்கிறார். நல்ல மாற்று வாசிப்பு பிறப்பது இந்த மூன்றாவது வழியில்தான்.

‘கவிக்குயில்’ (1977) படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ இதற்கு நேர் எதிர். ரீதிகௌளையில் அமைந்த அந்தப் பாட்டு நாகஸ்வரத்துக்குப் பிறந்த வீடு மாதிரி. சிக்கலும் அங்கேதான். விரல் பழகிய பிடிகளில் ஒன்றிரண்டு கூடுதலாக விழுந்தாலே பாட்டு கரைந்து ராகம் மட்டும் மிஞ்சும். கேட்பவர் ஏதோ கிருதி என்று நினைத்துவிடுவார். ‘இளைய நிலா’ துணிச்சலைக் கேட்கிறது. ‘சின்னக் கண்ணன்’ அடக்கத்தைக் கேட்கிறது. தூரம் அதிகமான பாட்டே பெரிய சாதனை என்ற எண்ணம் இங்கே நிற்காது. அருகிலிருக்கும் பாட்டைப் பாட்டாகவே காப்பாற்றுவதும் அதே அளவு கடினம்.

திரையும் மேளமும் ஒன்றிலிருந்து மற்றொன்று எடுத்துக்கொண்டே வந்திருக்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது. ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் எஸ். ஜானகியின் குரலும் இணைந்த பாட்டு வந்தது. ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்துக்கு மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தார்கள். மேளத்திலிருந்து திரைக்குப் போனதே திரைப்பாட்டாக மண்டபத்துக்குத் திரும்பியது. எனவே மண்டபத்தில் திரைப்பாட்டு வாசிப்பதை மரபின் சரிவு என்று சொல்பவர்கள் பாதி வரலாற்றைத்தான் பார்க்கிறார்கள்.

4. இரண்டு மொழிகளில் ஒரே மெட்டு

தொழில் வட்டாரத்துக் கேட்பாளர்களின் நிலை தனியானது. ஒரு கிராமத்துக் கல்யாணத்தில் கூடுபவர்களுக்குப் பொதுவான பாட்டு நினைவு நிறைய உண்டு: தாலாட்டு, கோயில் பாட்டு, ஊர்க் கூத்து. சுங்குவார்சத்திரத்திலோ ஒரகடத்திலோ ஒரே ஆலையில் வேலை பார்க்கும் இருவரின் கல்யாணத்துக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு வரும் நண்பர்களுக்கு அந்தப் பொது நினைவு இல்லை. தென்காசிக்காரருக்கும் திருவண்ணாமலைக்காரருக்கும் பொதுவாக இருப்பது திரைப்பாட்டு. தமிழே தெரியாத வடமாநிலத் தொழிலாளியும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்?

‘ரோஜா’ (1992) படத்தின் ‘சின்னச் சின்ன ஆசை’ இந்தியில் ‘தில் ஹை சோட்டா சா’ என்று ஒலித்தது. அந்தப் பாட்டை மேடையில் ஒருவர் பாடினால் ஏதாவது ஒரு மொழியைத் தேர்ந்துதான் ஆக வேண்டும்; மற்றவர் அந்த நிமிடமே வெளியாள் ஆகிவிடுவார். நாகஸ்வரம் வாசித்தால் அந்தத் தேர்வே தேவையில்லை. ஒரே ஊதலுக்கு ஒருவர் தமிழ் வரியை முணுமுணுப்பார், பக்கத்து நாற்காலிக்காரர் இந்தி வரியை முணுமுணுப்பார். சொல் இல்லாததைக் கருவியிசையின் குறையாகக் கருதுவது வழக்கம். இந்தக் கூட்டத்தில் சொல்லின்மைதான் அதன் பலம். இரண்டு நினைவுகளுக்கு ஒரே நேரத்தில் இடம்கொடுக்கும் வேலையைப் பாடகரால் செய்ய முடியாது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு: அப்படியானால் கீபோர்டு போதாதா? யமஹா போன்ற நிறுவனங்கள் இந்தியச் சந்தைக்கென்றே தயாரிக்கும் கீபோர்டுகளில் இந்திய வாத்திய ஒலிகளும் தாளங்களும் பொத்தானை அழுத்தினால் வருகின்றன. கீபோர்டும் சொல் இல்லாமல்தான் வாசிக்கிறது. ஆனால் அது மூலப்பாட்டின் ஒலிகளையே ஏறக்குறைய அப்படியே தர வல்லது. கேட்பவர் இட்டு நிரப்ப அதிகம் மிச்சம் வைப்பதில்லை. கருவியின் இயலாமையே கேட்பவருக்கு இடம் விடுகிறது.

உலக அனுபவமும் இதற்குத் துணை நிற்கிறது. பின்லாந்தின் அபோகலிப்டிகா குழு 1996இல் மெட்டாலிகாவின் பாடல்களை நான்கு செல்லோக்களில் வாசித்தது. டிரம்ஸ் இல்லாத குறையை வில்லின் அழுத்தத்தால் ஈடுகட்டியதில்தான் அந்த இசைத்தட்டின் உயிர். டிரினிடாட்டில் எண்ணெய் டிரம்களைத் தட்டி உருவாக்கிய ஸ்டீல்பேனில், ஐரோப்பியச் செவ்வியல் இசையைக் கலிப்சோ தாளத்துக்கு மாற்றி வாசிக்கும் திருவிழாப் போட்டி மரபு வளர்ந்தது. தொழில்மயம் அங்கே கருவியையே தந்தது. ஒரகடம் அப்படிப்பட்ட கருவி எதையும் தரவில்லை. அது தந்தது கலப்பான கேட்பாளர் கூட்டத்தை. மாற்று வாசிப்பின் வரலாற்றில் கருவியை உருவாக்கியவர்களுக்குத் தரும் இடத்தைக் கேட்பவர்களுக்கும் தர வேண்டும்.

5. சட்டம் பார்க்கும் பார்வை

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 31சி பிரிவு கவர் வெர்ஷனை நேரடியாகக் கையாள்கிறது. முதல் பதிவு செய்யப்பட்ட ஆண்டு முடிந்து 5 காலண்டர் ஆண்டுகள் கழியாமல் கவர் பதிவு செய்யக் கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்கூட்டியே செலுத்த வேண்டும். உரிமையாளர் இசைவு பெற்ற மாற்றமோ, ஒலிப்பதிவுக்குத் தொழில்நுட்ப ரீதியில் தேவைப்படும் மாற்றமோ அல்லாத வேறு எதையும் செய்யக் கூடாது. அதாவது, மாற்றம் என்றால் சேதம் என்பதே சட்டத்தின் முன்முடிவு.

‘இளைய நிலா’வின் கிதாரைக் குழைந்த இழையாக்குவது தேவையா, விருப்பமா? கார்டு வாசிக்க முடியாததால் அது தேவை. மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்ததால் அது விருப்பம். நல்ல மாற்று வாசிப்பில் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டச் சொல்லும் விதி, நகலுக்கு எளிதாகவும் கலைக்குக் கடினமாகவும் அமைந்துவிடுகிறது.

அதே சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு வேறு திசையில் போகிறது. உண்மையான சமயச் சடங்கில் ஒரு படைப்பை நிகழ்த்துவது உரிமை மீறல் ஆகாது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தையொட்டிய சமூகக் கொண்டாட்டமும் அதில் அடங்கும். இதற்கு மாறாக நடக்கக் கூடாது என்று மத்தியத் தொழில் மற்றும் உள்நாட்டு வணிக மேம்பாட்டுத் துறை 2023 ஜூலையில் பதிப்புரிமைச் சங்கங்களுக்கு அறிவித்தது. ஆகவே மண்டபத்தில் நாகஸ்வரக்காரர் தன் விருப்பப்படி பாட்டை விரிக்கலாம். ஆலையின் ஆயுத பூஜை சமயச் சடங்கு என்ற அளவில் இந்த விலக்கைக் கோர இடமுண்டு. அதே ஆலையின் ஆண்டு விழா கோர முடியாது. மண்டபத்தில் எடுத்த வீடியோ இணையத்தில் ஏறியதும் விலக்கு அதனுடன் போவதில்லை. மாற்று வாசிப்புக்குப் பரந்த சுதந்திரம் பதிவாகாத வாசிப்பில் இருக்கிறது; வரலாறோ பதிவானதை மட்டுமே பேசுகிறது. கல்யாண வாசிப்பு ஆய்வுகளில் காணாமல்போனதற்கு இது ஒரு காரணம். சபா மேடையில் வீணையில் வாசித்தால் ‘பியூஷன்’ என்றும், மண்டபத்தில் நாகஸ்வரத்தில் வாசித்தால் ‘கல்யாண வாசிப்பு’ என்றும் பிரித்துப் பெயரிடும் சமூக மதிப்பீடு மற்றொரு காரணம்.

6. முடிவு

மாற்று வாசிப்பை ஆய்பவர் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். மூலப்பாட்டின் எந்தக் கூறு இந்தக் கருவிக்கு எட்டாதது? அதற்கு ஈடாக வாசிப்பவர் தன் கருவியின் மரபிலிருந்து எதை எடுத்தார்? கேட்பவர் தம் நினைவிலிருந்து எதைக் கொண்டுவந்தார்? மூன்றாவது கேள்விக்கு விடை கேட்கும் கூட்டத்தைப் பொறுத்து மாறும். அதனால்தான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் போன்ற கலப்பு வட்டாரம் இவ்வகை ஆய்வுக்கு சபா அரங்கைவிடப் பொருத்தமான களம்.

இதற்கு நடைமுறைப் பயனும் உண்டு. காஞ்சிபுரம் உள்ளிட்ட மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகஸ்வரமும் தவிலும் கற்பவர்களுக்குப் பிழைப்பு தரும் மேடைகளில் முக்கியமானது கல்யாண மண்டபம். அங்கே கேட்கப்படுவது மல்லாரியும் கிருதியும் மட்டுமல்ல. கார்டில் நிற்கும் பாட்டை ஒற்றை நாதத்துக்கு மாற்றுவது எப்படி, ராகத்தில் நிற்கும் பாட்டைக் கரையவிடாமல் காப்பது எப்படி என்பவற்றை முறையான பயிற்சியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். மாணவர் தாமாக இணையத்தைப் பார்த்துப் பொறுக்கிக்கொள்ளும் கைவேலையாக அதை விட்டுவைப்பது, அந்தப் பள்ளி வளர்க்க விரும்பும் கலைக்கே நட்டம்.