கூரியர் சாய்வெழுத்து: ஒரே அகலத்தின் பயன்

தட்டச்சு இயந்திரத்தில் அடித்த பழைய ஆங்கிலக் கடிதங்களைப் பார்த்தவர்களுக்குக் கூரியர் எழுத்துரு புதிதல்ல. 1950களில் ஐபிஎம் நிறுவனத்துக்காக இதை வடிவமைத்தவர் ஹோவர்ட் கெட்லர்.

இதில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். 12 புள்ளி அளவில் ஓர் அங்குலத்தில் 10 எழுத்துகள் அடங்கும். ஒல்லியான ‘ஐ’ எழுத்துக்கு அடியில் அகன்ற பட்டை உண்டு. அதுவே பக்கத்து இடைவெளியை நிரப்புகிறது. அகன்ற ‘எம்’ எழுத்தோ நெருக்கி அமைக்கப்பட்டுள்ளது.

சாதாரணத் தட்டச்சு இயந்திரத்தில் சாய்வெழுத்து கிடையாது. முக்கியச் சொல்லுக்கு அடிக்கோடு இடுவார்கள். 1961இல் வந்த செலக்ட்ரிக் இயந்திரத்தில் எழுத்து உருண்டையை மாற்றினால் சாய்வெழுத்தும் அடிக்கலாம்.

கணினியில் உள்ள பல கூரியர் சாய்வெழுத்துகள் நேரெழுத்தைச் சரித்தவை மட்டுமே. 2013இல் வெளிவந்த கூரியர் பிரைம் எழுத்துருவில் சாய்வெழுத்தைத் தனியாகவே வரைந்துள்ளனர்.

ஹாலிவுட் திரைக்கதைகள் 12 புள்ளி கூரியரில் எழுதப்படுகின்றன. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடக் காட்சி. சொல்லைச் சாய்த்தாலும் அகலம் மாறாது என்பதால் அந்தக் கணக்கு பிசகுவதில்லை. நிரலாளர்களும் குறிப்பு வரிகளைப் பிரித்துக் காட்டச் சாய்வெழுத்தைப் பயன்படுத்துகின்றனர்.