திருவரங்கத்துத் துலுக்க நாச்சியார்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவு திருவரங்கம். தென்கரையில் மலைக்கோட்டையைச் சூழ்ந்து வளர்ந்தது திருச்சி. 1994இல் இரண்டும் ஒரே மாநகராட்சியாயின. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மாநகர மக்கள் 8,47,387 பேர். தமிழோடு தெலுங்கும் சௌராட்டிரமும் உருதுவும் அவர்தம் இல்லங்களில் வழங்குகின்றன.

அம்மக்களின் வரலாற்றை ஊரின் கட்டடங்களே உரைக்கும். நத்தர்வலி தர்கா வளாகத்தில், 1795இல் மறைந்த ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா அடங்கியுள்ளார். கோட்டைப் பகுதியில் பாதிரியார் சுவார்ட்சு 1766இல் எழுப்பிய கிறித்து ஆலயம் நிற்கிறது. 1951இல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியில் எல்லாச் சமயத்து மாணவரும் பயில்கின்றனர்.

இவ்விணக்கம் காயமின்றி வாய்த்ததன்று. 1323இல் தில்லிப் படை திருவரங்கத்தைத் தாக்கியது. ஊர் ஊராகக் கொண்டு செல்லப்பட்ட உற்சவர் திருமேனி 1371இல்தான் கோயிலுக்கு மீண்டது. இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அத்துன்பம் கண்ட ஊர் எதனைப் போற்றி வருகிறது என்பதே சிந்திக்கத்தக்கது.

பெருமாள்மீது காதல் கொண்டு அரங்கம்வரை வந்தவள் தில்லி சுல்தானின் மகள் என்பது கோயில் மரபு. அவளே துலுக்க நாச்சியார். சிலையாக அன்றி, ஓவியமாக அவளுக்கு அங்கே சந்நிதி உண்டு. கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் படைக்கப்படுகின்றன. அவள் பொருட்டுப் பெருமாள் கைலி உடுத்தும் வழக்கமும் உண்டு.

அவ்வரசகுமாரி மெய்யாகவே வாழ்ந்தாளா என்று வழக்காட வேண்டா. படையெடுத்து வந்தோர் குலத்திலும் தமக்கொரு மருமகளைக் கண்டனர் அவ்வூரார். அந்த மனவிரிவைக் காப்பது இரு சாரார்க்கும் கடனாகும்.