பிரீமியர் பத்மினி

பிரீமியர் பத்மினி என்பது மும்பையிலுள்ள பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம் இத்தாலியின் பியட் நிறுவன உரிமத்தின் கீழ் உருவாக்கிய நான்கு கதவு மகிழுந்து ஆகும். இத்தாலியில் பியட் 1100 என்று அறியப்பட்ட ஊர்தியின் இந்திய வடிவமே இது. தமிழ்நாட்டில் இது இன்றும் "பியட் கார்" என்றே பரவலாக அழைக்கப்படுகிறது. சுமார் 2000-ஆம் ஆண்டில் இதன் உற்பத்தி நின்றது. எஞ்சியுள்ள ஊர்திகளில் பல துருப்பிடித்த நிலையில் உள்ளன. அவற்றை மீட்டமைத்து மீண்டும் சாலையில் ஓட்டுவதில் ஆர்வலர்கள் ஈடுபட்டு வருகின்றனர். தென்காசி, குற்றாலம் போன்ற மலையடிவாரப் பகுதிகளில் கோடை வெப்பமும் அதைத் தொடரும் சாரல் ஈரமும் இத்தகைய ஊர்திகளின் பராமரிப்பைக் கடினமாக்குகின்றன.

அடிப்படைத் தகவல்கள்

- உற்பத்தியாளர்: பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் (குர்லா, மும்பை)
- மூல வடிவம்: பியட் 1100 (இத்தாலி)
- பொறி: 1089 கன செ.மீ., நான்கு உருளை, பெட்ரோல்
- பற்சக்கரப் பெட்டி: நான்கு வேகம், திசைமாற்றித் தண்டில் அமைந்த கியர் கம்பி
- இயக்கம்: முன்புறப் பொறி, பின்சக்கர இயக்கம்
- நிறுத்திகள்: நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்

வரலாறு

பியட் நிறுவனம் 1899-ஆம் ஆண்டு இத்தாலியின் துரின் நகரில் தொடங்கப்பட்டது. அந்நிறுவனப் பொறியாளர் தாந்தே ஜியகோசாவின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட பியட் 1100-103, 1953-ஆம் ஆண்டு ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. தனிச் சட்டகம் இன்றி உடற்கூடே எடையைத் தாங்கும் அமைப்பு இதன் சிறப்பாகும்.

இந்தியாவில் தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த் 1944-ஆம் ஆண்டு பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனத்தை நிறுவினார். தொடக்கத்தில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவன ஊர்திகளை இணைத்து விற்ற இந்நிறுவனம், 1950களில் பியட் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு பியட் 1100 வகைகளைத் தயாரிக்கத் தொடங்கியது. இந்தியச் சந்தையில் இவை எலிகண்ட், சூப்பர் செலக்ட், டிலைட் முதலிய பெயர்களில் விற்கப்பட்டன. 1964-இல் வந்த 1100 டிலைட் வகையின் உடலமைப்பே பிற்காலப் பத்மினிக்கும் அடிப்படையாக அமைந்தது. தொடக்க கால ஊர்திகளில் முன்கதவுகளின் கீல்கள் கதவின் பின்விளிம்பில் இருந்தன. பின்னர் அவை வழக்கம்போல முன்விளிம்புக்கு மாற்றப்பட்டன.

பியட் உடனான உடன்பாடு முடிந்த பின் 1970களின் தொடக்கத்தில் இவ்வூர்தி சிறிது காலம் பிரீமியர் பிரசிடெண்ட் என்ற பெயரில் வெளிவந்தது. 1974 முதல் பிரீமியர் பத்மினி எனப் பெயர் மாற்றப்பட்டது. பத்மினி என்பது சித்தூர் அரசியாகக் கதைகளில் போற்றப்படும் இராசபுத்திரப் பெண்ணின் பெயர் ஆகும். தாமரை என்னும் பொருள் கொண்ட இச்சொல் இந்தியாவில் பெண்களுக்கு இடப்படும் பெயராகவும் உள்ளது.

தொழில் உரிமக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் இந்தியர்கள் வாங்கக்கூடிய மகிழுந்துகள் மிகச் சிலவே. பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி பஞ்சாப் நேசனல் வங்கியில் ரூ. 5,000 கடன் பெற்று ஒரு பியட் மகிழுந்து வாங்கினார். அவர் மறைந்த பின் அவருடைய மனைவி லலிதா சாஸ்திரி தமது ஓய்வூதியத்திலிருந்து அக்கடனை அடைத்தார். அந்த ஊர்தி தில்லியிலுள்ள அவரது நினைவகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

1983 திசம்பரில் மாருதி 800 அறிமுகமானதும் பத்மினியின் விற்பனை சரியத் தொடங்கியது. எனினும் மும்பையில் கறுப்பு மஞ்சள் வாடகை ஊர்தியாக இது பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்நகரில் கடைசியாக வாடகை ஊர்தியாகப் பதிவான பத்மினி 2003 அக்டோபர் 29 அன்று பதிவு பெற்றது. வாடகை ஊர்திகளுக்கான 20 ஆண்டு வயது வரம்பின்படி 2023 அக்டோபர் இறுதியில் அதன் சேவை முடிவுற்றது.

துருப்பிடித்தல்

இரும்பு, நீர், ஆக்சிசன் ஆகிய மூன்றும் சேரும் இடத்தில் நிகழும் மின்வேதி மாற்றமே துரு ஆகும். துரு தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். ஆகையால் இரு தகடுகள் ஒட்டியுள்ள இடுக்கில் துரு வளரும்போது தகடுகளைப் பிளந்து, மேலும் நீர் புக வழி செய்கிறது. தற்கால மகிழுந்துகளில் துத்தநாகம் பூசிய தகடுகள் பெருமளவில் பயன்படுகின்றன. பத்மினியின் காலத்தில் அத்தகைய பாதுகாப்பு இருக்கவில்லை.

பத்மினியில் துரு வெறும் அழகுக் குறைபாடு அன்று. தனிச் சட்டகம் உள்ள ஊர்தியில் உடல் துருப்பிடித்தாலும் சட்டகம் எடையைத் தாங்கும். பத்மினியிலோ கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் பெட்டி வடிவ விளிம்புகள், தரைத்தகடு, சக்கர வளைவுகள் ஆகியவையே எடையைத் தாங்குகின்றன. இவை அரிக்கப்பட்டால் உடற்கூடு நடுவில் தொய்ந்துவிடும். கதவு சரியாக மூடாமல் இடிப்பது இதன் முதல் அறிகுறிகளில் ஒன்றாகும். விபத்து நேரும்போது இத்தகைய கூடு பயணிகளைக் காப்பாற்றாது.

துரு மிகுதியாகக் காணப்படும் இடங்கள்:

- கதவுகளின் அடிப்பகுதி (நீர் வடியும் துளைகள் மண்ணால் அடைபடுவதால்)
- தரை விரிப்பின் கீழுள்ள தரைத்தகடு
- சக்கர வளைவுகளின் உட்புற இடுக்குகள்
- மின்கலம் வைக்கப்படும் தட்டு (அமிலக் கசிவினால்)
- பின்புறப் பெட்டியின் அடித்தளம்
- கண்ணாடிகளைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டைகளின் அடி

மீட்டமைப்பு முறை

உடற்கூடு

மீட்டமைப்பின் பெரும்பகுதி தகட்டு வேலையே ஆகும். இது பட்டறைகளில் டிங்கரிங் எனப்படுகிறது. முதலில் இருக்கைகள், விரிப்புகள், கண்ணாடிகள் அகற்றப்பட்டு, மின்கல இணைப்பு துண்டிக்கப்படுகிறது. பற்றவைப்பு தொடங்கும் முன் எரிபொருள் தொட்டியை முழுமையாகக் கழற்றி அப்புறப்படுத்த வேண்டும். காலியான தொட்டியில் தங்கும் பெட்ரோல் ஆவி, நிறைந்த தொட்டியைவிட எளிதில் வெடிக்கக்கூடியது. பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்க வாய்ப்புள்ளதால் அதைச் சுரண்டுபவர்கள் முகக்கவசம் அணிதல் அவசியம்.

அடுத்து, சுத்தியலின் முனையாலோ திருப்புளியாலோ தகடுகளைத் தட்டிப் பார்த்துத் துருவின் ஆழம் கணிக்கப்படுகிறது. மேற்பரப்புத் துருவைத் தேய்த்து நீக்கலாம். தகட்டை ஊடுருவிய துருவை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டியெடுத்து, அதே வடிவில் மடித்த புதுத் தகட்டைப் பற்றவைக்க வேண்டும். அடிவிளிம்புகளை வெட்டும் முன் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து உடற்கூட்டை முட்டுக்கொடுப்பர். ஒரு பக்கத்தை முடித்த பின்னரே மறுபக்கம் வெட்டப்படும். இரு பக்கங்களையும் ஒருசேர வெட்டினால் கூடு திருகிக்கொண்டு கதவுகள் பிறகு எப்போதும் பொருந்தாமல் போகும்.

ஓட்டைகளின் மீது பட்டி பூசி வண்ணம் அடிப்பது விற்பனைக்காக அவசரமாகச் செய்யப்படும் வேலைகளில் காணப்படும் குறையாகும். பட்டி என்பது சிறு மேடுபள்ளங்களைச் சமன்செய்யும் பசை மட்டுமே, அதற்குத் தாங்கு வலிமை கிடையாது. அதன் அடியில் ஈரம் தங்கித் துரு மறைவாக வளர்கிறது. துருவின் மேலேயே தார் போன்ற அடிப்பூச்சைப் பூசுவதும் இதே விளைவைத் தரும். காந்தத்தை உடலின் மீது நகர்த்திப் பார்த்தால் பட்டி தடித்துள்ள இடங்களில் அது ஒட்டாது. பழைய ஊர்தி வாங்குபவர்கள் இந்த எளிய சோதனையைச் செய்வது வழக்கம்.

வெல்டிங் முடிந்ததும் பாசுபாரிக் அமிலம் கலந்த கரைசலால் தகடு துடைக்கப்பட்டு, துருத்தடுப்பு பிரைமர், பட்டி, வண்ணப்பூச்சு என்ற வரிசையில் பூச்சுகள் இடப்படுகின்றன. பெட்டி வடிவ விளிம்புகளின் உட்புறத்தில் மெழுகுக் கலவை தெளிக்கப்படுகிறது. நீர் வடியும் துளைகள் எதுவும் பூச்சினால் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொறி

பல ஆண்டுகள் நின்றிருந்த பொறியை உடனே முடுக்கக் கூடாது. தீப்பொறிச் செருகிகளைக் கழற்றி, உருளைகளில் சிறிது எண்ணெய் விட்டு, ஊறிய பின் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். பத்மினிப் பொறியின் அடிக்கட்டை வார்ப்பிரும்பாலும் மேல்மூடி அலுமினியக் கலவையாலும் ஆனவை. இவ்விரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவடைவதால் பொறி மிகையாகச் சூடேறினால் மேல்மூடி வளைந்துவிடும். ஆகவே ரேடியேட்டரைத் தூய்மை செய்தல், நீரேற்றி, விசிறிப் பட்டை, ரப்பர் குழாய்கள் ஆகியவற்றை மாற்றுதல் ஆகியவை முதன்மையான பணிகளாகும்.

எரிபொருள் தொடர்பான சிக்கல் அண்மைக் காலத்தில் எழுந்ததாகும். இந்தியாவில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இப்போது பரவலாக விற்கப்படுகிறது. எத்தனால் நீரை ஈர்க்கும் தன்மை கொண்டது. பழைய ரப்பர் குழாய்களையும் காற்றுக்கலப்பியின் அடைப்புத் தகடுகளையும் இது மெல்லக் கெடுக்கும். எனவே எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் பொருத்துவதும், ஊர்தியை நீண்ட நாள் நிறுத்தி வைக்கும்போது தொட்டியில் பழைய பெட்ரோலை விட்டு வைக்காதிருப்பதும் நல்லது.

நிறுத்திகளும் திசைமாற்றியும்

பிரேக் எண்ணெயும் நீரை ஈர்க்கும் இயல்புடையது. இதனால் சக்கர உருளைகள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அவற்றையும் ரப்பர் குழாய்களையும் முழுமையாக மாற்றுவதே பாதுகாப்பானது. முன்சக்கரங்களின் கிங் பின் பகுதிகளில் தவறாமல் கிரீஸ் இடப்பட வேண்டும்.

தென்காசி, குற்றாலம் பகுதியில்

தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டமாக இயங்குகிறது. இங்குள்ள ஊர்திகள் டி.என். 76 என்ற பதிவு வரிசையைப் பெறுகின்றன. தென்காசியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் குற்றாலம் அமைந்துள்ளது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய அருவிகளை இணைக்கும் சாலைகள் குறுகிய தொலைவுடையவை. ஆதலால் பழைய ஊர்திகளை ஓட்ட இவை ஏற்றவையாகும்.

இப்பகுதியில் ஊர்தி இருவேறு பருவங்களைச் சந்திக்கிறது. பங்குனி முதல் வைகாசி வரை சமவெளியில் கடும் வெயில் நிலவும். அப்போது பொறியின் வெப்பத்தால் எரிபொருள் குழாயில் பெட்ரோல் ஆவியாகி, எரிபொருள் ஓட்டம் தடைபட்டு ஊர்தி நின்றுவிடக்கூடும். எரிபொருள் ஏற்றியின் மீது ஈரத்துணி சுற்றிக் குளிரச் செய்வது ஓட்டுநர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறையாகும். குழாயைப் பொறியின் சூடான பகுதிகளிலிருந்து விலக்கி அமைப்பதே நிலையான தீர்வு.

சூன் மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசத் தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் பருவம் தொடங்குகிறது. இது ஏறத்தாழ செப்டம்பர் வரை நீடிக்கும். சாரல் நீரில் கடல்நீரைப் போல உப்பு இல்லை. ஆயினும் நாள்முழுதும் தகடுகள் உலராமல் இருப்பதால் துரு விரைவாகப் பரவும். ஈரமான ஊர்தியின் மீது காற்றுப் புகாத உறையைப் போர்த்துவது தவறான பழக்கமாகும். கூரையுள்ள, காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, தரை விரிப்புகளை எடுத்து உலர்த்துவதே உரிய முறையாகும். பழைய ஊர்தியை மீட்டமைப்பவர்கள் கோடையின் வறண்ட மாதங்களில் வண்ணப்பூச்சை முடித்துக்கொள்வது நல்லது. ஈரக்காற்றில் அடிக்கும் வண்ணம் மங்கி வெளிறும்.

செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு வழியாகக் கேரளத்திற்குச் செல்லும் மலைச்சாலை (தேசிய நெடுஞ்சாலை 744) புளியரை அருகே எஸ் வடிவ வளைவுகளைக் கொண்டது. இங்கு இறக்கத்தில் தொடர்ந்து பிரேக்கை மிதித்தால் டிரம்கள் சூடேறிப் பிடிமானம் குறையும். எனவே குறைந்த கியரில் இறங்க வேண்டும். தேங்கிய நீரைக் கடந்த பின் பிரேக்கை மெல்ல மிதித்து உலரச் செய்வதும் அவசியம்.

சட்ட நிலை

தனியார் மகிழுந்துகளின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தகுதி ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

2021 சூலையில் மத்திய மோட்டார் ஊர்தி விதிகளில் பழம்பெரும் ஊர்திகளுக்கெனத் தனிப் பதிவு முறை சேர்க்கப்பட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளுக்கு மேற்பட்டதும், மூல வடிவில் பேணப்பட்டதும், உடற்கூடு, பொறி ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாததுமான ஊர்திகள் இதற்குத் தகுதி பெறும். புதுப் பதிவுக் கட்டணம் ரூ. 20,000. இது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதிதாகப் பதிவு பெறும் ஊர்திகளின் எண்ணில் மாநிலக் குறியீட்டை அடுத்து "வி.ஏ." என்ற எழுத்துகள் இடம்பெறும். முன்பே பதிவானவை பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். 1974-இல் பதிவான பத்மினிகள் 2024-இல் இவ்வயதை எட்டின.

இம்முறையில் பதிவு பெற்ற ஊர்தியை அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ சாலையில் ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, பழைய ஊர்தி அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். ஆகவே பருவந்தோறும் குடும்பத்துடன் அருவிக்குச் சென்றுவர விரும்பும் உரிமையாளர் வழக்கமான பதிவையே புதுப்பித்து வரவேண்டியுள்ளது. மேலும், எரிபொருள் சிக்கனத்திற்காகப் பல பத்மினிகளில் பிற்காலத்தில் டீசல் பொறிகள் பொருத்தப்பட்டன. அவ்வாறு மாற்றப்பட்டவை பழம்பெரும் ஊர்தித் தகுதியை இழக்கக்கூடும். மூலப் பொறியையும் அதன் எண்ணையும் பாதுகாத்து வைப்பது மீட்டமைப்பில் முக்கியத்துவம் பெறுவதற்கு இதுவே காரணமாகும்.

இவற்றையும் பார்க்க

- இந்துசுத்தான் அம்பாசடர்
- மாருதி 800
- வால்சந்த் ஹிராசந்த்
- குற்றால அருவிகள்
- துரு