வராத செய்தி

நடுராத்திரியில் விசில் ஊதிக்கொண்டும் தடியால் தரையைத் தட்டிக்கொண்டும் தெருவைச் சுற்றிவரும் கூர்க்கா, திருடனைக் கண்டதாகச் சொல்வது அபூர்வம். அந்த விசிலுக்கு அர்த்தம் வேறு: இருக்கிறேன், விழித்திருக்கிறேன். அரைத்தூக்கத்தில் அதைக் கேட்பவர் புரண்டு படுத்துத் தூங்கிவிடுவார். என்றைக்காவது விசில் கேட்காமல் போனால்தான் ‘இன்னிக்கு ஆளைக் காணோமே’ என்று மனசு உறுத்தும். பாராக்காரர்கள் நேரம் தவறாமல் எழுப்பிய ‘பாரா உஷார்’ குரலும் இதே வேலையைத்தான் செய்தது. வரவேண்டிய செய்தி வராமல் போவதும் ஒரு செய்தி. காவல் தொழிலுக்கு ஆதாரம் இதுதான். கதவிலும் ஜன்னலிலும் ஒட்டிய சென்சர்கள் அனுப்பும் ஒயர்லெஸ் அலைகளை வாங்கிக்கொள்ளும் ரிசீவர் இன்று பல வீடுகளின் சுவரில் இருக்கிறது. அது வந்த வழியைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது: மின்சாரக் காவல் இந்த ஆதாரத்தை ஒருமுறை கற்றுக்கொண்டது, ஒயரைக் கைவிட்டபோது அதையும் சேர்த்துக் கைவிட்டது, பிறகு பாடுபட்டு மீட்டது.

முதல் பாடம் ஒயரில் கிடைத்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சோமர்வில் ஊரைச் சேர்ந்த மதகுரு அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் 1853இல் மின்காந்த எச்சரிக்கை மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவு திறந்தால் மின்சுற்று சேரும், காந்தம் இழுக்கும், சுத்தியல் மணியை அடிக்கும். திறந்த கதவைத் திருடன் சட்டென்று மூடினாலும் மணி ஓயாது. அழகான யோசனைதான், ஆனால் ஒரு பெரிய ஓட்டை. யாரும் வராத இரவில் ஒயரில் மின்சாரம் ஓடாது. ஒயரை அறுத்துவிட்டாலும் ஓடாது. நிம்மதியும் ஆபத்தும் மணிக்கு ஒன்றுபோலவே தெரிந்தன. 1857இல் இந்த உரிமையை வாங்கிய எட்வின் ஹோம்ஸ் 1859இல் நியூயார்க்குக்குக் கடை மாற்றி, இதை ஒரு தொழிலாகவே வளர்த்தார். ஓட்டையை அடைத்தது மூடிய சுற்று. எந்நேரமும் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். கதவு திறந்தாலும் ஒயர் அறுந்தாலும் பேட்டரி செத்தாலும் ஓட்டம் நிற்கும், நின்றதும் மணி அடிக்கும். இரண்டு ஒயரையும் ஒட்டவைத்து ஏமாற்றத் திருடன் கற்றுக்கொண்டபோது, சுற்றின் கடைக்கோடியில் ஒரு ரெசிஸ்டரை வைத்தார்கள். அதன் பிறகு ஓட்டம் குறைந்தாலும் தெரிந்தது, கூடினாலும் தெரிந்தது. ஓடும் மின்சாரமே விசிலாகிவிட்டது.

ஒயர்லெஸ் ரிசீவரோ வேறொரு வம்சத்தில் பிறந்தது. 1890இல் பிரான்ஸில் எதுவார் பிரான்லி ஒரு கண்ணாடிக் குழாயில் உலோகத் தூளை அடைத்து ஆராய்ந்தார். அருகே மின்பொறி பறந்தால் அதன் அலை பட்டுத் தூள் துகள்கள் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தின. ஒருமுறை ஒட்டினால் தட்டிவிட்டால்தான் பிரியும். 1895 மே மாதம் பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்சாண்டர் பொப்போவ் காட்டிய கருவியில் இதற்கு ஒரு தீர்வு இருந்தது. அலை வந்ததும் மணியின் சுத்தியல் மேலே போய் மணியை அடிக்கும். திரும்பி வரும்போது குழாயைத் தட்டித் தூளை உதிர்த்து, அடுத்த அலைக்குத் தயாராக்கிவிடும். ஏறக்குறைய அதே காலத்தில் கல்கத்தா டவுன்ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் சுவர்களைத் தாண்டிய அலையால் மணியை அடிக்கவைத்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். ஆக, உலகின் முதல் ரிசீவர்களில் சில மணியடிக்கும் கருவிகளாகவே இருந்தன என்பது மகிழ்ச்சியான பொருத்தம். ஆனால் அந்தக் குழாய்க்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும்: வந்தது. அலை வராதபோது அனுப்புபவர் தூங்குகிறாரா, அனுப்பும் கருவி உடைந்துவிட்டதா, அனுப்ப எதுவும் இல்லையா என்று அதற்குத் தெரிய வழியில்லை. தந்திக்கும் வானொலிக்கும் இது பெரிய குறை அல்ல. காவலுக்கு இது உயிர்க்குறை.

வீட்டு எச்சரிக்கைக்கு ஒயர்லெஸ் பரவலாக வந்த ஆண்டுகளில் இந்தக் குறையும் கூடவே வந்தது. மலிவான ரிசீவர்களில் இருந்தது 1922இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் உருவாக்கிய சூப்பர் ரீஜெனரேட்டிவ் சுற்று. சில பாகங்களே போதும், கூர்மையாகக் கேட்கும், அக்கம்பக்கத்து அலையையும் சேர்த்துக் கேட்கும். பக்கத்து வீட்டுக் கதவுக்கு இந்த வீட்டு மணி அடிக்காமலிருக்க சென்சரிலும் ரிசீவரிலும் குட்டிக் குட்டி டிப் ஸ்விட்ச்களை வைத்து ஒரே குறியீட்டைப் பொருத்தினார்கள். எட்டு ஸ்விட்ச் என்றால் 256 குறியீடு, பன்னிரண்டு என்றால் 4096. சென்னை ரிச்சி தெருவில் விற்கும் 433 மெகாஹெர்ட்ஸ் ரிசீவர் பலகைகள் இந்த எளிய மரபில் வந்தவை. அடுத்த வீட்டுக்காரரிடமிருந்து இந்தக் குறியீடு ஓரளவு காப்பாற்றியது. பேட்டரி தீர்ந்த சென்சரும் பத்திரமாக மூடிய கதவும் ரிசீவருக்கு ஒரேமாதிரி தெரிந்ததை அதனால் மாற்ற முடியவில்லை. போப்பின் பழைய ஓட்டை நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து அப்படியே திரும்பி வந்திருந்தது.

மீட்சிக்கு முதலில் தேவைப்பட்டது பெயர். வகுப்பில் யார் வரவில்லை என்று சொல்ல வருகைப் பதிவேடு வேண்டும். மொத்தமாக ‘இந்த வகுப்புப் பிள்ளைகள்’ என்ற அடையாளம் மட்டும் இருந்தால் ஒருவரையும் தேட முடியாது. டிப் ஸ்விட்ச் கொடுத்தது பெரும்பாலும் அப்படிப்பட்ட குடும்பப் பெயரைத்தான். ஒவ்வொரு சென்சருக்கும் தொழிற்சாலையிலேயே தனி வரிசை எண் பதித்து, அதை ரிசீவரோடு இணைந்த கட்டுப்பாட்டுப் பேனலில் ஒவ்வொன்றாகப் பதிவு செய்யும் முறை வந்த பிறகுதான் ‘காணோம்’ என்ற சொல்லுக்கு இடம் கிடைத்தது. அடெம்கோ நிறுவனம் தொடங்கி ஹனிவெல் பெயரில் தொடர்ந்த 5800 சென்சர் வரிசையை எடுத்துக்கொள்வோம். 345 மெகாஹெர்ட்ஸில் பேசும் அதன் சென்சர்கள், கதவு அசையாவிட்டாலும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் தாமாகவே ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். 12 மணி நேரமாக ஒன்றுமே வராத சென்சரைப் பேனல் பெயர் சொல்லிக் காட்டிவிடும். அமெரிக்க வானொலிச் சட்டமும் இதற்கு வழிவிட்டது. இந்த வகைக் கருவிகள் குறித்த இடைவெளியில் தாமாக ஒலிபரப்பக் கூடாது என்பதே அங்கே பொது விதி. ஆனால் பாதுகாப்புக் கருவிகள் தாம் உயிரோடிருப்பதைத் தெரிவிக்கலாம்; ஒவ்வொரு சென்சரும் மணிக்கு மொத்தம் 2 விநாடிக்கு மேல் பேசக் கூடாது, அவ்வளவுதான். கூர்க்காவின் விசிலுக்குச் சட்டப் புத்தகத்தில் கிடைத்த இடம் என்றே இதைச் சொல்வேன்.

ஒயர்லெஸ் பரவியதற்குக் காரணம் வேலைச் சுலபம்தான், இந்தக் கண்காணிப்புச் செய்தி அல்ல என்று ஒருவர் வாதிடலாம். சுவரைக் கொத்த வேண்டாம், பைப் பதிக்க வேண்டாம். ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். பரவியதற்கு அது காரணம் என்பதை மறுக்கவில்லை. என் கேள்வி, பரவிய பொருள் காவல் என்ற பெயருக்குத் தகுதி பெற்றது எப்போது என்பது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மூடிய சுற்று நொடிக்கு நொடி பேசியது; இங்கே 12 மணி நேர மௌனத்தைப் பொறுத்துக்கொள்கிறோம். ஒரு சென்சர் மாலையில் செத்தால் விடியும்வரை தெரியாது. இதை மீட்சி என்று எப்படிச் சொல்வது? குறை உண்மைதான். சென்சருக்குள் இருப்பது சின்ன பேட்டரி. நொடிக்கொரு தரம் பேசினால் சீக்கிரமே தீர்ந்துபோகும், ஒரே அலைவரிசையில் ஐம்பது சென்சர்கள் ஒன்றையொன்று மிதிக்கும். அலையை வேண்டுமென்றே அடைப்பவனுக்கு எதிராகத் தனி ஏற்பாடும் தேவைப்பட்டது: ரிசீவர் தன் அலைவரிசையில் விடாத இரைச்சல் கேட்டால் அதையே புகாராக்க வேண்டும். எனவே ஒயரிடமிருந்து வாங்கிய பாடம் முழுதாகத் திரும்பவில்லை, நீர்த்துத்தான் திரும்பியது. ஆனாலும் 12 மணி நேரம் கழித்தாவது கேட்கும் கேள்விக்கும் என்றைக்குமே கேட்காததற்கும் உள்ள தூரம் பெரிது.

அந்த நீர்த்த பாடமும் நிலைக்குமா என்பது கடைசியில் ரிசீவரை மாட்டுபவர் கையில் இருக்கிறது. பேனலிலிருந்து ரிசீவருக்குச் சிவப்பு, கறுப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு ஒயர்கள் வரும். முதல் இரண்டும் மின்சாரம், மற்ற இரண்டும் பேச்சு. ரிசீவருக்குள் இரண்டு ஆண்டெனாக்கள் இருக்கும். 345 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 87 சென்டிமீட்டர். நேராக வரும் அலையும் சுவரில் பட்டுத் திரும்பும் அலையும் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் குருட்டுப் புள்ளிகள் ஒவ்வொரு அரை அலை தூரத்திலும் உண்டாகும். ஓர் ஆண்டெனா அதில் மாட்டினாலும் மற்றது தப்பட்டும் என்றுதான் இரண்டு. இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ மின்சார மெயின் பெட்டியை ஒட்டியோ ரிசீவரை மாட்டினால் இரண்டும் சேர்ந்தே சிரமப்படும். அப்போது பின்வாசல் சென்சர் சில நாளுக்கு ஒருமுறை காணாமல் போய்ப் போய் வரும், கீபேடில் எச்சரிக்கை எரியும், வீட்டுக்காரர் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்வார். 5800 வரிசையோடு வேலை செய்யும் பேனல்களில் ஒவ்வொரு சென்சரையும் பதியும்போது வகைக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும்: 3 என்றால் கண்காணிக்கப்படும் சென்சர், 4 என்றால் கண்காணிக்கப்படாதது, 5 என்றால் பையில் போகும் பொத்தான். 4 என்ற எண் நியாயமான தேவைக்காக இருப்பது. வீட்டைவிட்டு வெளியே போய்வரும் கருவியை யாரும் மணிக்கு மணி தேட முடியாது. ஆனால் தொந்தரவு கொடுக்கும் பின்வாசலுக்கு 3ஐ அழித்து 4 போட்டுவிட்டால் எச்சரிக்கை அன்றே அணையும், கூப்பிடுவதும் நிற்கும், போப்பின் ஓட்டை அந்த ஒரு கதவில் மறுபடி திறந்துகொள்ளும். செய்ய வேண்டியது எண்ணை மாற்றுவது அல்ல. ரிசீவரைக் கழற்றி, இரும்பைவிட்டு விலக்கி, ஓரிரண்டு அடி தள்ளி மாட்டி, பின்வாசலைத் திறந்து மூடி மறுபடி சோதிப்பது.