தொடரும்: ஒரு சிறு வரலாறு

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் அலுவலக வாட்ஸப் குழுவில் பட்டியல் போடும் சடங்கு தொடங்கிவிடும். அந்த வருடம் பார்த்ததில் மிகப் பிடித்த ஐந்து தொடர்கள். ஒரு கொரியத் தொடராவது இருக்க வேண்டும், சன் டிவி பெயரை மட்டும் யாரும் எடுக்கக் கூடாது என்பது எழுதப்படாத விதி. நானும் மூன்றை யோசித்து வைத்திருந்தேன். நான்கு பகுதிகளில் ஒவ்வொன்றையும் ஒரே ஷாட்டாக எடுத்திருந்த ‘அடோலசென்ஸ்’, இரண்டாவது சீசன் வந்த ‘செவரன்ஸ்’, புஷ்கர் - காயத்ரியின் ‘சுழல்’. நாலாவதை யோசிக்கும்போதுதான் உறைத்தது. இந்த வருடம் நான் அதிக மணிநேரம் பார்த்தது இந்த மூன்றையும் இல்லை. ‘மெட்டி ஒலி’யை.

2002இல் அது சன் டிவியில் தொடங்கியபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். தலைப்புப் பாட்டு கேட்டதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். இருபது வருடம் கழித்து அதே பாட்டுக்கு நானே யூட்யூபைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காரணம் அம்மா.

சர்க்கரை அம்மாவின் விழித்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. லேசர் வைத்தாயிற்று, கண்ணுக்குள் ஊசி போட்டாயிற்று. ஓரத்தில் தெரிகிறது, நடுவில் தெரிவதில்லை. வீட்டுக்குள் நடமாட, காபி போட, துணி மடிக்க ஒரு குறையும் இல்லை. முகங்கள்தான் போய்விட்டன. டிவி முன்னால் உட்கார்ந்தால் ஒரே கேள்வி. “இப்ப யாருடா வந்தது?”

ஆனால் மெட்டி ஒலி ஓடும்போது அந்தக் கேள்வி அபூர்வமாகத்தான் வரும் என்பதைக் கவனித்தேன். குரலை வைத்தே சொல்லிவிடுவார். இது சரோ, இது லீலா, இது அந்த மாமியார்க்காரி, இனிமே அழுவா பாரு. ‘சுழல்’ போட்டால் நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி. ‘அடோலசென்ஸ்’ போட்டுக் காட்டவே முடியாது. ஆங்கிலம் மட்டும் காரணமில்லை. அதில் முக்கியமானதெல்லாம் யாரும் பேசாதபோது நடக்கிறது.

*

சீரியலைக் கிண்டல் செய்யும்போது நாம் வழக்கமாகச் சொல்பவை சில உண்டு. கண்ணுக்குத் தெரிவதையே வாயாலும் சொல்வார்கள். ஒரு அதிர்ச்சிக்கு மூன்று முகம், ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு இடிச் சத்தம். பார்ப்பவரை முட்டாள் என்று நினைத்து எடுக்கிறார்கள் என்று கல்லூரி நாட்களில் நானே எழுதியிருக்கிறேன். அம்மாவோடு உட்கார்ந்த பிறகு வேறொன்று புரிந்தது. இது பார்ப்பதற்காக மட்டும் செய்த பண்டம் இல்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, முதுகைக் காட்டிக்கொண்டு, குக்கர் சத்தத்துக்கு நடுவே கேட்பதற்காகவும் செய்தது.

அந்த வடிவம் பிறந்ததே வானொலியில்தான். 1930களில் அமெரிக்க வானொலி, பகலில் வீட்டிலிருக்கும் பெண்களுக்காகத் தினசரித் தொடர்களை ஒலிபரப்பியது. பிராக்டர் அண்ட் கேம்பிள் போன்ற சோப்புக் கம்பெனிகள் அதற்குப் பணம் கொடுத்தன. ‘சோப் ஆப்பரா’ என்ற பெயர் அப்படி வந்தது. கை வேலையில் இருக்கும், காது மட்டும் காலியாக இருக்கும். அந்தக் காதுக்குள் ஒரு குடும்பத்தையே நுழைக்க வேண்டும். எல்லாவற்றையும் வாயால் சொல்லும் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது.

நமக்கு அது மெக்சிகோ வழியாக வந்தது. 1969இல் பெரு நாட்டில் ‘சிம்ப்ளமெந்தே மரியா’ என்றொரு தொடர் ஓடியது. வேலைக்காரப் பெண் ஒருத்தி தையல் கற்று முன்னேறும் கதை. அது ஓடிய ஊர்களிலெல்லாம் சிங்கர் தையல் மெஷின் விற்பனை ஏறியது. ஒரு கதை இவ்வளவு செய்யுமென்றால் அதைத் திட்டமிட்டே செய்யலாமே என்று மெக்சிகோவில் மிகேல் சபிதோ யோசித்தார். முதியோர் கல்விக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் தொடர்கள் எடுத்தார். 1982இல் மெக்சிகோ போய் வந்த மத்திய அமைச்சர் வசந்த் சாத்தே அந்த யோசனையை தில்லிக்குக் கொண்டுவந்தார். 1984 ஜூலை 7 அன்று தூர்தர்ஷனில் ‘ஹம் லோக்’ தொடங்கியது. எழுதியவர் மனோகர் ஷ்யாம் ஜோஷி. விளம்பரதாரர் அப்போது சந்தைக்குப் புதிதாக வந்திருந்த மேகி நூடுல்ஸ்.

ஹம் லோக்கில் எனக்குப் பிடித்த ஏற்பாடு, ஒவ்வொரு பகுதியும் முடிந்த பிறகு நடிகர் அசோக் குமார் திரையில் வந்து நம்மிடம் பேசுவது. இன்றைக்கு நடந்ததைப் பார்த்தீர்களே, உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்கிற தோரணை. கதைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள். இது புதிய கண்டுபிடிப்பு என்று தில்லியில் நினைத்திருக்கலாம். எங்கள் ஆயாவிடம் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பார்.

*

ஆயாவுக்கு வில்லியனூர் பக்கம். எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். புதுச்சேரி, கடலூர், விழுப்புரம் வட்டாரம் முழுக்க அப்படி. திருவிழாவில் கொடி ஏறிவிட்டால் பகலில் பாரதம் படிப்பார்கள். வில்லிபாரதத்தைப் பாடி, பேச்சுத் தமிழில் விளக்கம் சொல்வார் பாரதப் பிரசங்கி. அவர் பகலில் சொன்ன கதை இரவில் கூத்தாக ஆடப்படும். பத்து நாள், பதினெட்டு நாள் என்று ஊருக்கு ஊர் கணக்கு மாறும். அர்ச்சுனன் தபசு அன்று நெடுமரத்தில் ஏறுவார்கள். கடைசியில் படுகளம். களிமண்ணில் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் தரையில் மல்லாந்து கிடப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். பிறகு தீமிதி. ஓர் ஊரே ஒரே கதையை, ஒரே வேகத்தில், இரவுக்கு ஒரு பகுதியாகப் பார்த்து முடிக்கும்.

அந்தக் கூத்தில் நடுவே நிற்பவன் கட்டியக்காரன். ராஜா வருவதை அறிவிப்பான். வந்த ராஜாவைக் கேலி செய்வான். தூங்கி விழித்தவருக்கு இதுவரை நடந்ததைச் சொல்வான். தோழியா, தூதுவனா, யார் தேவைப்பட்டாலும் அவனே ஆகிக்கொள்வான். அவன் பாதி கதைக்குள், பாதி நம்மோடு.

1988 அக்டோபர் 2 அன்று பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’ தொடங்கியது. 1990 வரை ஞாயிற்றுக்கிழமைகளில் 94 பகுதிகள். நான் பிறந்த வருடம் என்பதால் இது முழுக்க அம்மா சொல்லக் கேட்டதுதான். எங்கள் தெருவில் கலர் டிவி இருந்தது ஒரு சொல்தா வீட்டில் மட்டும். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். ஞாயிறு காலை அந்த வீட்டுக் கூடத்தில் இருபது முப்பது பேர். ஒருவருக்கும் இந்தி தெரியாது. அந்த வீட்டுத் தாத்தாவுக்கே பிரெஞ்சும் தமிழும்தான்.

அங்கே ஆயா கட்டியக்காரன் ஆகிவிட்டார். திரையில் யார் வந்தாலும் யார், எதற்கு வந்திருக்கிறார், அடுத்து என்ன ஆகப்போகிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். ராஹி மாசூம் ராசா எழுதிய இந்தி வசனத்தின் இடத்தில் ஆயா ஊர்க் கூத்து வாத்தியாரின் வசனம் ஓடியிருக்கிறது. அந்தத் தொடரில் காலமே கதைசொல்லியாக வந்து பேசும். அது பேசும்போது மட்டும் ஆயா வாயை மூடிக்கொள்வாராம், “அவரும் நம்ம வேலதான் பாக்குறாரு” என்று. போர் தொடங்கியதும் ஆயாவுக்குக் கோபம். “அரவான களப்பலி குடுக்கல, போத்துராஜா பேச்சே இல்ல, இன்னாடா பாரதம் இது?” தில்லி அனுப்பிய பாரதத்தில் எங்கள் வட்டாரம் விடுபட்டிருந்தது. விடுபட்டதை ஆயா அந்தக் கூடத்திலேயே சொல்லி நிரப்பினார்.

*

காத்திருக்க வைக்கும் கதைக்கு இந்த ஊரில் இன்னொரு வரலாறும் உண்டு. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அவர் நினைவு இல்லம் இருக்கும் தெருவுக்குப் பெயர் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு. எங்கள் பக்கத்தில் தர்மராஜா கோயில் என்றால் திரௌபதி அம்மன் கோயில்தான். ‘பாஞ்சாலி சபத’த்தை அவர் எழுதியது இந்த ஊரில். முதல் பாகம் 1912இல் அச்சானது. சூதாட்டச் சருக்கத்தோடு அது நின்றுவிடுகிறது. துகிலுரிதலும் சபதமும் இரண்டாம் பாகத்தில். அந்தப் பாகம் வெளிவந்தது 1924இல். பாரதி இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. 12 வருடம் பாஞ்சாலி தன் சபதத்தை அச்சில் சொல்லாமல் நின்றிருக்கிறாள். சீசன் 2 தள்ளிப்போகிறது என்று நாம் ட்விட்டரில் புலம்புவதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சொல்தா தாத்தா வீட்டுப் பாட்டி டிவித் தொடரை ‘ஃபெய்த்தோன்’ என்பார். பிரான்சில் இன்றும் அதுதான் சொல். ஆனால் சொல் டிவியைவிட ரொம்ப மூத்தது. 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நாளிதழ்களில் பக்கத்தின் கீழ்ப்பகுதியை அப்படி அழைத்தார்கள். அங்கேதான் தொடர்கதைகள் வந்தன. 1842-43இல் யூஜீன் சூவின் ‘பாரிஸ் மர்மங்கள்’, அடுத்து அதே நாளிதழில் அலெக்சாந்தர் துமாவின் ‘மான்டி கிறிஸ்டோ பிரபு’. தமிழில் அதே வேலையை வாரப் பத்திரிகைகள் செய்தன. கல்கி 1950இலிருந்து 1954 வரை ‘பொன்னியின் செல்வ’னை வாரவாரம் எழுதினார். இதழ் வந்ததும் வீட்டில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட கதை தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் உண்டு. அங்கேயும் நடுவில் ஓர் ஆள்.

*

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. தொடக்கத்தில் நல்ல தொடர்கள் வாரத்துக்கு ஒருமுறைதான். நாகா இயக்கி இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய ‘மர்மதேசம்’ அப்படி வந்தது. ‘விடாது கருப்பு’ பார்த்துவிட்டு இரவு பாத்ரூம் போகப் பயந்த தலைமுறை நான். குதிரைமேல் வரும் கருப்பு யார் என்று ஒரு வாரம் முழுக்கப் பள்ளியில் துப்புத் துலக்குவோம். பார்த்தது அரை மணிநேரம், பேசியது ஆறு நாள்.

1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’ வந்ததும் கணக்கு மாறியது. நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய தலைப்புப் பாட்டு ஒலித்தால் தெருவே வீட்டுக்குள். காத்திருப்பு ஏழு நாளிலிருந்து ஒரு நாளானது. பிறகு எண்ணூறுக்கும் மேற்பட்ட பகுதிகளோடு மெட்டி ஒலி, 2003 முதல் 2009 வரை 1533 பகுதிகளோடு ‘கோலங்கள்’. இவற்றை இப்போது பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு சந்தேகத்தை நாற்பது நாள் இழுப்பார்கள். அறைவதும் மன்னிப்பதும் திரும்ப அறைவதும் குடும்பத்தின் இயல்பு போலக் காட்டப்பட்டது. மெட்டி ஒலியின் ஐந்து பெண்களும் படும் பாட்டை இன்று பார்த்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது. “இவ ஏன்மா அந்த வீட்ட விட்டு வரமாட்டேங்குறா?” என்று ஒருநாள் கத்திவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். “வந்து எங்கடா போறது? அப்ப நாங்க அததான் பேசிக்குவோம். மறுநாள் தண்ணி பிடிக்கும்போது சரோவ பத்தி பேசுற மாதிரி எங்கள பத்தி பேசிக்குவோம்.”

இருபது வருடம் மொட்டை மாடியில் இருந்தவனுக்கு இது தெரிந்திருக்கவில்லை. அந்தப் பெண்களுக்குத் தொடர் என்பது இரவு அரை மணிநேரம் மட்டும் இல்லை. அடுத்த நாள் இரவு வரை இருக்கும் இடைவெளியும் சேர்ந்ததுதான். சொந்த வீட்டுக் கதையை நேராகச் சொல்ல முடியாதவர்கள், சரோ பெயரில் சொல்லிக்கொள்ள அந்த இடைவெளி இடம் கொடுத்தது.

*

2013 பிப்ரவரி 1 அன்று நெட்ஃபிளிக்ஸ் ‘ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்’ முதல் சீசனின் 13 பகுதிகளையும் ஒரே நாளில் வெளியிட்டது. இடைவெளி என்பது ஒரு குறைபாடு, அதைச் சரிசெய்துவிட்டோம் என்று என்னைப் போன்ற பொறியாளர்கள் நினைத்தார்கள். ஒரு பகுதி முடிந்தால் சில நொடிகளில் அடுத்தது தானே ஓடத் தொடங்கும். காத்திருக்க வைப்பது எங்கள் தொழிலில் பிழை. அதைக் குறைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. ஆனால் 2014 முதல் 2020 வரை ஜெயமோகன் ‘வெண்முரசு’ எழுதியபோது நள்ளிரவு வரை விழித்திருந்து அன்றைய அத்தியாயத்துக்காகக் காத்திருந்தவர்களில் நானும் ஒருவன். மறுநாள் அதைப் பற்றி நண்பர்களோடு சண்டை போடாமல் எனக்கு விடிந்ததில்லை. இடைவெளி எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை, மறந்திருந்தேன்.

இந்த வருடம் ‘சுழல்’ முதல் சீசனை அம்மாவுக்காக மறுபடி போட்டேன். மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களோடு நகரும் கதை என்பதால் அவருக்கு உடனே பிடிபட்டது. மேல்மலையனூர் எங்களுக்குத் தூரம் இல்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். இப்ப கதிர் வர்றான். ஐஸ்வர்யா ராஜேஷ் ஒண்ணும் பேசல, ஆனா முகம் சரியில்ல. முகம் சரியில்லை என்றால் எப்படி என்று அம்மா கேட்டார். அழுகையா, கோபமா, பயமா? நிறுத்தி, திரும்ப ஓட்டி, நன்றாகப் பார்த்தேன். மூன்றும் இல்லை. ஏதோ பழைய விஷயம் ஞாபகம் வந்த மாதிரி என்றேன். “அப்படிச் சொல்லு” என்றார். அந்த முகத்தை நான் முன்பே ஒருமுறை தனியாகப் பார்த்திருக்கிறேன். அப்போது இதைப் பார்க்கவில்லை.

பகுதி முடிந்து அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. அம்மா கையைத் தூக்கினார்.

“நிறுத்துடா. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“தூக்கம் வருதாம்மா?”

“இல்ல. நாளைக்கு இருக்கட்டும்.”

குழுவில் எல்லோரும் பட்டியல் போட்டுவிட்டார்கள். நான் இன்னும் போடவில்லை. மெட்டி ஒலியில் நாங்கள் 214ஆம் பகுதியில் இருக்கிறோம்.